எண்ணெயைப் பிடிக்கலாம், மூச்சைப் பிடிக்கக் கூடாது

என்ஜின் வெளிவிடும் வாயுவிலிருந்து எண்ணெயைப் பிரித்துச் சேர்த்துவைக்கும் ஆயில் கேட்ச் கேனைப் பொருத்தினால் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்கிறார்கள். ஒன்றுகூடக் கூடாது. வேகம் ஏறாது, சத்தம் மாறாது, பெட்ரோல் மிச்சமாகாது. பானெட்டைத் திறந்தால் மட்டும் கண்ணில் படும் அந்த அலுமினியக் குப்பியை நான் பொருத்தியது வேறொன்றுக்காக: இன்றைக்கு இந்த என்ஜினிடம் இருக்கும் திறன் பல ஆண்டுகள் கழித்தும் இருக்க வேண்டும். வாங்கிய அன்று எப்படி இழுத்ததோ அப்படியே இழுக்க வேண்டும் என்ற ஆசை மலைப்பாதையில் கார் ஓட்டும் யாருக்கும் புரியும்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம். வேலந்தாவளம் தாண்டினால் கோவைச் சாலை, கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. என் கார் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப் போவது இந்த வகை என்ஜின்கள் எல்லாவற்றுக்கும் பொது. வார நாட்களில் பள்ளி, கடை, வங்கி என்று குறுகிய ஓட்டம். என்ஜின் ஆயில் முழுதாகச் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். விடுமுறை கிடைத்தால் ஆழியாறு வழியாக வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்த இரண்டு ஓட்டங்களும் என்ஜினின் உள்ளே செய்யும் வேலையைப் புரிந்துகொண்ட பிறகுதான் கேட்ச் கேன் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

டர்போ என்ஜினை முழு மிதியில் ஓட்டும்போது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் 100 பார் வரை போகலாம். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்கு. அதை அடைத்து நிறுத்துபவை பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் சூட்டில் விரிந்து முனைகள் முட்டிக்கொண்டு ரிங் உடைந்துவிடும். அந்தச் சந்து வழியாகக் கொஞ்சம் வாயு கீழே, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. புத்தம் புது என்ஜினிலும் இறங்கும். ஒர்க்‌ஷாப்புகளில் இதை ப்ளோ-பை என்பார்கள். கடும் சுமையில் நிமிடத்துக்குப் பல பத்து லிட்டர்கூட இறங்கலாம். அதில் எரிந்த புகை உண்டு, எரியாத பெட்ரோல் ஆவி உண்டு, நீராவி உண்டு. கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் வாரியடிக்கும் எண்ணெயும் நுண்ணிய மூடுபனியாக அதோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வளவும் வெளியேற வழி வேண்டும். வழி அடைந்தால் உள் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

பழைய கார்களில் இதற்கு ஒரு குழாய் என்ஜினிலிருந்து நேராகச் சாலையைப் பார்த்து இறங்கும். அத்தனை புகையும் தெருவுக்கு. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மேல் படிந்த பழுப்புப் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட், வாகனங்களிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன் ஆவிகள் வெயிலோடு சேர்ந்து செய்யும் வினைதான் அது என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அதன் பிறகு, 1961 மாடல் கார்களில் கலிஃபோர்னியாவில் பி.சி.வி. வால்வ் வந்தது. கிராங்க் கேஸ் வாயுவைத் தெருவில் விடாமல் என்ஜின் காற்றை உள்ளிழுக்கும் வழியான இன்டேக்குக்கே திருப்பி அனுப்பி எரித்துவிடும் ஏற்பாடு. காற்று மாசைக் குறைக்கக் கார்களில் முதன்முதலாக வந்த கருவிகளில் ஒன்று அது. எளிமையானது, நேர்மையானது. எனக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

அந்த ஏற்பாடு அமைந்த காலத்தில் பெட்ரோல் கார்புரேட்டர் வழியாக வந்தது. பிறகு வால்வுக்குச் சற்று முன்னால் உள்ள இன்டேக் போர்ட்டில் பீய்ச்சினார்கள். இரண்டிலும் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போகும். திரும்பி வரும் எண்ணெய்ப் பிசுக்கு வால்வில் ஒட்டினாலும் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். நேரடிப் பீய்ச்சலில் இந்தக் கழுவல் இல்லை. பெட்ரோல் வால்வைத் தொடாமலே சிலிண்டருக்குள் இறங்கிவிடுகிறது. எண்ணெய் மூடுபனி வால்வில் படிகிறது, சூட்டில் கருகுகிறது, அதன் மேல் அடுத்த அடுக்கு. நாளடைவில் காற்று போகும் வழி குறுகி, ஐடிலிங் நடுங்க ஆரம்பிக்கும். பிறகு காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றோடு அடித்துச் சுரண்டி எடுக்க வேண்டும். டொயோட்டா தன் டி-4எஸ் என்ஜின்களில் போர்ட்டில் ஒரு இன்ஜெக்டர், சிலிண்டரில் ஒரு இன்ஜெக்டர் என்று இரண்டையும் வைத்தது. அதனால் அங்கே வால்வுக்குக் கழுவல் திரும்பக் கிடைக்கிறது. என் காரில் அது இல்லை.

டர்போ காருக்கு இன்னும் ஒரு தொல்லை உண்டு. டர்போ அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் எண்ணெய் ஆவி படிந்தால் சூட்டை வெளியேற்றும் அதன் திறன் குறையும். எரியும் கலவையோடு எண்ணெய் சேர்ந்தால் பெட்ரோலின் ஆக்டேன் தாங்குதிறன் இறங்கி, கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் எட்டிப் பார்க்கும். உடனே என்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷனை, அதாவது தீப்பொறி அடிக்கும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளிவிடும்; இழுவை குறையும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் மலையேறும் டர்போ என்ஜினுக்கு இக்னிஷனில் ஒவ்வொரு டிகிரியும் பெரிது.

இனி குப்பியைப் பற்றி. இது பந்தயக் களத்திலிருந்து வந்த பொருள். என்ஜின் மூச்சுக்குழாய் திறந்திருந்தால் எண்ணெய் ஓடுதளத்தில் சிந்தும்; பின்னால் வருபவன் வழுக்கி விழுவான். அதனால் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதி வைத்தது: திறந்த மூச்சு உள்ள கார்களில் எண்ணெய் சேகரிப்புக் கலம் வேண்டும், 2000 சி.சி. வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். எங்களுக்கு அருகில் செட்டிபாளையத்தில், பந்தய வீரர் எஸ். கரிவரதன் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயின் பிட் பகுதியில் பந்தயக் கார்களைப் பார்க்கும் இளைஞர்கள் அந்தக் கலத்தை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் பந்தயக் காரின் கலத்துக்கும் சாலைக் காரின் கலத்துக்கும் வேலை வேறு. அது சிந்தாமல் ஏந்துவது. நமக்கு வேண்டியது ஓடும் வாயுவிலிருந்து எண்ணெயைப் பிரித்துவிட்டு, வாயுவைத் தடையில்லாமல் போகவிடுவது. இந்த வேறுபாடு புரியாமல் வாங்கப்படும் குப்பிகள்தான் அதிகம்.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குப்பிகள் பலவற்றின் உள்ளே எதுவுமே இருக்காது. வெறும் உள்ளீடற்ற டப்பா. ஒரு துளையில் வாயு நுழைந்து பக்கத்துத் துளையில் வெளியேறிவிடும். எண்ணெயின் பெரும் பகுதியும் அதோடு போய்விடும். நல்ல குப்பியில் உள்ளே வரும் குழாய் அடிப்பக்கம் வரை இறங்கும். நடுவில் தடுப்புத் தகடு இருக்கும். அதில் மோதித் திரும்பும்போது எடைமிகுந்த எண்ணெய்த் துளி திரும்ப முடியாமல் தகட்டில் ஒட்டி வழியும். அதற்கு மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைச் சுருள். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் அதன் கம்பிகளில் ஒட்டி ஒன்றோடொன்று சேர்ந்து சொட்டும். தெளிந்த வாயு மேலிருந்து வெளியேறும். சேர்ந்த எண்ணெய் கீழே, மீண்டும் உறிஞ்சப்படாத ஆழத்தில் தங்கும்.

வலைச் சுருளுக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது அதிர்வில் உதிரும். உதிர்ந்த இழை போகுமிடம் டர்போவும் சிலிண்டரும்தான். ஏர் கம்ப்ரஸரில் நீர் பிரிக்கும் ஃபில்டரைக் கேட்ச் கேனாக மாட்டும் வழக்கமும் இங்கே உண்டு. கோவையில் கம்ப்ரஸர் சாமான் கடைக்கா பஞ்சம்? ஆனால் அதன் கண்ணாடி போன்ற கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட். பெட்ரோல் ஆவியும் சூடான எண்ணெயும் அதைக் கீறல்விட வைத்துவிடும். அதோடு அதன் துளைகள் மிகச் சிறியவை.

துளை அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். என் குப்பி தயாராக வாங்கியது. உடல் நன்றாக இருந்தது, முனைகள் மட்டும் என் காரின் ஹோஸைவிடக் குறுகலாக இருந்தன. எங்கள் பக்கத்து ஊர்களில் யாருக்கும் தெரிந்த லேத் பட்டறை ஒன்று கோவையில் நிச்சயம் இருக்கும். கணபதியில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். வாழ்நாள் முழுதும் பம்புசெட்டுக்கு உதிரி கடைந்தவர். கார் டர்போ பற்றி அவருக்கு நான் விளக்கத் தொடங்கியதுமே, "கண்ணு, உறிஞ்சும் பக்கத்துப் பைப்பைச் சுருக்கினால் மோட்டார் திணறும். இதற்கும் அதேதானே?" என்றார். அதேதான். 19 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு அலுமினியத்தில் புது முனைகள் கடைந்து, உள் விளிம்புகளை வழுவழுப்பாக்கி, மூடிக்கு நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் தேடி எடுத்து வைத்தார். "எண்ணெய் படுகிற இடத்துக்குச் சாதாரண ரப்பர் ஆகாது" என்று அவராகவே சொன்னார். அந்தக் கைகளின் அறிவை எந்தப் பெட்டிக்குள்ளும் வைத்து விற்க முடியாது.

ஹோஸ் விஷயத்திலும் அதே விதி. ரேடியேட்டருக்குப் போடும் ஹோஸ் தண்ணீருக்கானது. எண்ணெய் பட்டால் உப்பி, உள்ளே மெத்தென்று பெருத்து வழியை அடைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிலிக்கான் ஹோஸ் பளபளப்பாக இருக்கும்; உள்பூச்சு இல்லாத சிலிக்கான் எண்ணெயைக் கசியவிடும். நைட்ரைல் அல்லது ஃப்ளூரோ ரப்பர் உள்பூச்சுள்ள, நூல் பின்னிய ஹோஸ் வேண்டும். நூல் பின்னல் ஏன் என்றால், ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் உறிஞ்சலுக்குத் தாங்காமல் சாதாரண ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். ஹோஸ் நடுவில் தொங்கவும் கூடாது. தொங்கிய இடத்தில் எண்ணெயும் நீரும் தேங்கிக் குட்டையாகும். வாயு அதைக் குமிழியிட்டுக் கடக்க வேண்டியிருக்கும். என்ஜினிலிருந்து குப்பிக்குப் போகும் வழி ஒரே இறக்கமாக இருப்பது நல்லது.

குப்பியை எங்கே வைப்பது? குளிர்ந்த இடத்தில். ஆவி குளிர்ந்தால்தான் துளியாகும். டர்போவுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் பக்கத்தில் வைத்த குப்பி, பிடித்ததை மறுபடி ஆவியாக்கி அனுப்பிவிடும். நான் பேட்டரிக்கு முன்னால், கிரில்லிலிருந்து காற்றுப் படும் மூலையில் வைத்தேன். 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் பிராக்கெட், ஏற்கெனவே இருந்த போல்ட்டில். பாடியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. பாலக்காட்டுக் கணவாயில் வசிப்பதில் ஒரு கொடுப்பினை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளி வழியாக அம்மியும் பறக்கும் ஆடிக் காற்று நேராக வந்து பாய்கிறது. குப்பிக்கு அதைவிடக் குளிர்ச்சி எது?

பொருத்தியது எங்கள் ஊரில் இருக்கும் மெக்கானிக் அண்ணன். தொழில் கற்றது திருச்சூரில், பேச்சு தமிழும் மலையாளமும் பாதிப் பாதி. பொருத்துவதற்கு முன் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "எந்த லைனில் போடப் போகிறீர்கள், தம்பி?" டர்போ என்ஜினுக்கு மூச்சு வழி இரண்டு. ஐடிலிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருப்பதால் வாயு பி.சி.வி. வால்வ் வழியாக நேரே அங்கே போகும். டர்போ அழுத்தம் ஏறியதும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் போய் எதிர் அழுத்தம் வந்துவிடும்; ஒருவழி வால்வ் மூடிக்கொள்ளும். அப்போது வாயு இரண்டாவது வழியாக, டர்போவின் காற்று நுழைவாய்க்குப் போகும். பலர் முதல் வழியில் மட்டும் குப்பியை மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ப்ளோ-பை உச்சத்தில் இருக்கும் நேரமோ மலையேற்றம். அந்த நேரத்தில் அவர்கள் குப்பி வழியாக எதுவும் போவதில்லை.

வால்பாறைச் சாலை இதைத் தெளிவாகக் காட்டும். ஏறும்போது ஒவ்வொரு வளைவிலிருந்தும் இரண்டாவது கியரில் டர்போ நிறைந்து இழுக்கிறது. வாயு டர்போ நுழைவாய்ப் பக்கம். இறங்கும்போது மிதியை விட்டு என்ஜின் பிரேக்கில் வருகிறோம். த்ராட்டில் மூடி, மேனிஃபோல்டில் உறிஞ்சல் உச்சம். வாயு மற்ற வழி. நாள் முழுதும் சமவெளியில் ஓடும் காருக்கு ஒரு வழி போதலாம். மலைக்காரர்களுக்கு இரண்டிலும் பிடிப்பு வேண்டும். நாங்கள் இரண்டு தனி அறைகள் உள்ள குப்பியை, ஒவ்வொரு வழிக்கும் ஒன்றாக இணைத்தோம். அறைகள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கலந்தால் ஒரு வழியின் உறிஞ்சல் மற்றதைக் கெடுக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த பி.சி.வி. வால்வையும் ஒருவழி வால்வையும் தொடவில்லை.

பொருத்திய பிறகு ஒரு சோதனை. என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வாயில் ஒரு காகிதத் துண்டை வைத்தோம். லேசாக உள்ளே இழுபட்டு நின்றது. இழுபடாமல் தூக்கி எறியப்பட்டிருந்தால் எங்கோ அடைப்பு என்று பொருள். அடுத்து புகைச் சோதனை: குழாய்களுக்குள் மெல்லிய புகையைச் செலுத்தி எந்த இணைப்பிலாவது கசிகிறதா என்று பார்த்தோம். இது அவசியம். கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்தால் கலவையில் பெட்ரோல் விகிதம் குறைந்து, என்ஜின் விளக்கு எரியத் தொடங்கும்.

சிலர் குப்பியின் வெளிவழியை இன்டேக்குக்குத் திருப்பாமல் ஒரு சிறு ஃபில்டரை மாட்டித் திறந்துவிடுகிறார்கள். இன்டேக் முழுச் சுத்தமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். சுத்தமாக இருக்கும்தான். அந்த நஞ்சை யார் சுவாசிப்பது? சிக்னலில் நிற்கும்போது காருக்குள்ளேயே நாற்றம் வரும். வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதிகளின்படி கிராங்க் கேஸிலிருந்து வெளிக்காற்றுக்கு எதுவும் விடக் கூடாது. கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை மாற்றங்களைக் கண்டிப்போடு பார்க்கிறது; தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பும் கேரளத்திலிருந்து போன வழக்கில் வந்ததுதான். சட்டம் இல்லாவிட்டாலும் நான் திறந்துவிட மாட்டேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் மூடிய குழாயை மறுபடி தெருவுக்குத் திறப்பது எந்த வகையில் முன்னேற்றம்?

குப்பியில் சேர்வது காலத்துக்கும் பாதைக்கும் ஏற்ப மாறுகிறது. கோடையில் மலைப்பயணம் முடித்துத் திறந்தால் கறுத்த, இளகிய, பெட்ரோல் வாடை அடிக்கும் எண்ணெய். ஆடி மாதத்தில் உள்ளூர்க் குறுகிய ஓட்டத்துக்குப் பிறகு திறந்தால் பால் கலந்த காப்பி போல ஒரு குழம்பு. முதல் முறை பார்ப்பவர்கள், கூலன்ட் எண்ணெயோடு கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று அஞ்சிவிடுவார்கள். கூலன்ட் அளவு குறையாமலும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாகவும் இருந்தால் அஞ்ச வேண்டாம். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாவது இயல்பு. என்ஜின் ஆயில் நன்றாகச் சூடேறாத ஓட்டத்தில் அது வெளியேறாமல், குளிர்ந்த குப்பியில் எண்ணெயோடு கலந்து தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் அடிக்கடி வடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். நிரம்பவிட்டால் தேங்கியது மொத்தமாக ஒரே இழுப்பில் இன்டேக்குக்குள் போகும். குப்பியே இல்லாமல் இருப்பதைவிட அது மோசம்.

வடித்ததை என்ஜினுக்குள் திரும்ப ஊற்றுபவர்களும் உண்டு. நீரும் அமிலமும் கலந்த கழிவு அது, எண்ணெய் அல்ல. தோட்டத்தில் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. எங்கள் சித்தூர் தாலுகாவில் பல தென்னந்தோப்புகள் கிணற்றை நம்பி இருக்கின்றன. கழிவு மேலாண்மைக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய என்ஜின் ஆயில் அபாயகரக் கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து, ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலோடு சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்கிறேன். அங்கிருந்து மறுசுழற்சிக்காரர்கள் எடுத்துப் போகிறார்கள்.

வால்வில் கரி படிவதை இது முழுதும் நிறுத்துமா? நிறுத்தாது. வால்வ் ஸ்டெம் சீல் வழியாக இறங்கும் எண்ணெயும், இன்டேக் பக்கம் திரும்பி வரும் எக்ஸாஸ்ட் வாயுவும் குப்பியைத் தொடாமலே வால்வுக்குப் போகின்றன. படிவதன் வேகம் குறையும், சுத்தம் செய்யும் நாள் தள்ளிப்போகும். அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும். வடிக்கும் அளவு திடீரென்று பெருகினால் அது ரிங் தேய்மானத்தின் முன்னறிவிப்பு. உடனே கம்ப்ரஷன் சோதித்துப் பார்க்கலாம். அந்த வகையில் குப்பி ஒரு மருத்துவக் கருவியும்கூட.

போர்ட்டில் பீய்ச்சும், டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார் வைத்திருக்கும் உறவினர்கள் சிலர் தங்கள் காருக்கும் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அங்கே பெட்ரோலே வால்வைக் கழுவுகிறது. அந்தப் பணத்தில் நல்ல ஆயிலை உரிய நேரத்தில் மாற்றி, பி.சி.வி. வால்வ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நேரடிப் பீய்ச்சலும் டர்போவும் சேர்ந்த கார் என்றால், குப்பியை வாங்குவதற்கு முன் உங்கள் என்ஜினின் இரண்டு மூச்சு வழிகளும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஹோஸின் உள்விட்டத்தை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். கடைக்கோ லேத் பட்டறைக்கோ அந்தத் தாளோடு போங்கள்.